ஆட்டைக் காணாத நாட்டில் இறைவனின் செம்மறி



திருப்பலியில் குருவானவர் அப்பத்தைப் பிட்கும் நேரத்தில் நாம் எல்லாரும் சேர்ந்து ஒரு விலங்கின் பெயரைச் சொல்லி மூன்று முறை மன்றாடுகிறோம். ஆண்டவரைச் செம்மறி என்று அழைக்கிறோம். பழக்கத்தில் நாவு சொல்லிவிடுகிறது, மனம் நின்று கேட்பதில்லை.

சில வாரங்களுக்கு முன் நம் பங்கின் மறைக்கல்வி வகுப்பில் நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எழுந்து, "ஃபாதர், செம்மறின்னா வெள்ளாடா?" என்று கேட்டாள். மற்ற பிள்ளைகளைப் பார்த்தோம். பாதிப் பேருக்குத் தெரியவில்லை. கறிக்கடையில் தொங்குவது தெரியும், ஞாயிற்றுக்கிழமை குழம்பு தெரியும். கம்பளி மூடிய உடம்பும் குனிந்த தலையுமாக, முன்னே போகிற ஆட்டின் பின்னே வரிசையாகப் போகும் அந்த ஆட்டை நேரில் நின்று பார்த்தவர்கள் மிகச் சிலரே. ஊரைச் சுற்றி அறுவடை முடிந்த வயல்களில் கிடை போட்டிருந்த காலம் நம்மில் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அந்த வயல்களில் இன்று வீடுகள் நிற்கின்றன.

கிடை போட்ட மண்ணிலேயே இப்படியென்றால், ஆடு என்ற ஒன்றையே கண்டிராத மக்களுக்கு ஆண்டவரைச் செம்மறி என்று எப்படிச் சொல்லியிருப்பார்கள்? திருச்சபையின் வரலாற்றில் இது உண்மையாகவே எழுந்த கேள்வி. இந்த வாரம் அதைப் பற்றிச் சிந்திப்போம்.

உலகின் மிகப் பெரிய தீவு கிரீன்லாந்து. ஐந்தில் நான்கு பங்கு நிலம் பனிப்பாளத்தின் அடியில் கிடக்கிறது. 1721ஆம் ஆண்டு ஜூலை 3ஆம் நாள், நார்வேயைச் சேர்ந்த ஹான்ஸ் எகெதே என்ற லூத்தரன் போதகர் மனைவி மக்களோடு அங்கே கரை இறங்கினார். டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக் அவருக்கு ஆதரவளித்தார். இந்த அரசரின் பெயர் நமக்குப் புதிதல்ல. 1706இல் சீகன்பால்குவைத் தரங்கம்பாடிக்கு அனுப்பியவர் இவர்தான். ஒருவரை வெயிலுக்கும் மற்றொருவரைப் பனிக்குமாக அனுப்பியிருக்கிறார். சீகன்பால்கு தமிழில் புதிய ஏற்பாட்டை எழுதியபோது ஆட்டுக்கும் மேய்ப்பனுக்கும் சொல் தேடி அலைய வேண்டியதில்லை. ஆடு, குட்டி, கிடாய், மந்தை, பட்டி, மேய்ச்சல் என்று தமிழில் எல்லாம் தயாராக இருந்தது. எகெதேக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

எகெதே உண்மையில் தேடிப் போனது வேறு ஆட்களை. 985ஆம் ஆண்டு வாக்கில் ஐஸ்லாந்திலிருந்து போய் அந்தத் தீவில் குடியேறிய வடநாட்டார் அங்கே ஆடு மாடு வளர்த்தார்கள், கிறிஸ்துவை ஏற்றார்கள். கார்தார் என்ற இடத்தில் அவர்களுக்கு ஓர் ஆயரும் பேராலயமும் இருந்தன. 1408இல் குவால்சே ஆலயத்தில் நடந்த ஒரு திருமணம்தான் அவர்களைப் பற்றிய கடைசி எழுத்துப் பதிவு. அதன் பிறகு அந்த மக்களைக் காணவில்லை. அவர்களுடைய சந்ததியார் இன்னும் கத்தோலிக்கராகவே இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற கவலை எகெதேக்கு. அதற்காக நாம் அவரோடு இன்று வழக்காட வேண்டாம்.

அவர் தேடியவர்களில் ஒருவரும் அங்கே இல்லை. இருந்தவர்கள் இனுயிட் மக்கள். கடல்தான் அவர்களுக்கு வயல். சீல் என்ற கடல் விலங்கின் இறைச்சி அவர்களுக்கு உணவு. அதன் கொழுப்பு விளக்கெரித்துக் குடிசையைச் சூடாக்கும். அதன் தோல் உடையாகும், கூடாரமாகும், கயாக் என்ற சிறு படகுக்குப் போர்வையாகும். நாயைத் தவிர அவர்கள் வளர்த்த விலங்கு எதுவும் இல்லை. மேய்ப்பதும் இல்லை, பட்டியும் இல்லை. அந்த மொழியில் மேய்ப்பனுக்கு என்ன சொல் இருக்க முடியும்?

எகெதே முதலில் படங்களை நம்பினார். அவருடைய மகன் பவுல் சிறுவனாக அங்கே வந்தவன், உள்ளூர்ப் பிள்ளைகளோடு விளையாடி மொழியைப் பிடித்துக்கொண்டவன். அவன் விவிலியக் காட்சிகளை வரைவான், தந்தை அவற்றைக் காட்டி விளக்குவார். அந்த மகன்தான் வளர்ந்து மறைப்பணியாளராகி, 1744இல் நற்செய்திகளையும் 1766இல் புதிய ஏற்பாடு முழுவதையும் அம்மக்களின் மொழியில் அச்சிட்டுக் கொடுத்தார்.

இங்கே ஒரு கதை உலகெங்கும் உலவுகிறது. குருமடத்தில் எங்களுக்கும் சொல்லியிருக்கிறார்கள். ஆடில்லாத பனிநாட்டில் மறைப்பணியாளர்கள் ‘இறைவனின் செம்மறி’ என்பதை ‘இறைவனின் சீல் குட்டி’ என்று மாற்றி எழுதினார்கள், மக்களுக்கு உடனே புரிந்துவிட்டது என்பது அந்தக் கதை. கேட்பதற்கு இனிமையாக இருக்கும். மறையுரையில் சொன்னால் மக்கள் புன்னகைப்பார்கள். ஆனால் கிரீன்லாந்து மக்களின் விவிலியத்தில் யோவான் நற்செய்தியின் முதல் அதிகாரத்தைத் திறந்தால் அங்கே சீலைக் காண முடியாது. ‘சவா’ என்ற சொல்லிலிருந்து பிறந்த வடிவம்தான் நிற்கிறது. சவா என்றால் ஆடு. அது இனுயிட் மொழியில் பிறந்த சொல்லே அல்ல, வடநாட்டாரின் மொழியிலிருந்து வந்த கடன்சொல்.

அப்படியானால் சீல் என்று எழுதுவது அவ்வளவு அபத்தமா? இல்லை என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. இனுயிட் வேடர்களின் பழைய வழக்கம் ஒன்று உண்டு. சீலைக் கொன்று கரைக்குக் கொண்டுவந்ததும் அதன் வாயில் நல்ல தண்ணீர் ஊற்றுவார்கள். கடலில் உப்பு நீரிலேயே வாழ்ந்த உயிருக்குத் தாகம் இருக்கும் அல்லவா? சீல் தன்னைத் தானே வேடனுக்குக் கொடுக்கிறது, மரியாதை காட்டாவிட்டால் மறுமுறை வராது என்பது அவர்களின் நம்பிக்கை. தன்னையே உணவாகக் கொடுக்கும் உயிர், அதற்கு நன்றி சொல்லும் மனிதன். நற்கருணையைப் பற்றிப் பேச வந்த ஒருவர் இதைக் கேட்டுவிட்டு அசையாமல் இருக்க முடியுமா? தாகமாயிருந்தவருக்குச் சிலுவையடியில் புளித்த மதுவைக் கொடுத்த காட்சியும் நமக்கு நினைவுக்கு வருகிறது.

ஆகவே அந்தச் சோதனையை ஏளனம் செய்ய வேண்டாம். ஆனாலும் நமது தீர்ப்பு என்னவென்றால், சவா என்று எழுதியவர்களே சரி.

காரணத்தைப் பார்ப்போம். திருமுழுக்கு யோவான் இயேசுவைச் சுட்டிக்காட்டிச் சொன்ன அந்தப் பெயர் தனியாக வந்த உவமை அல்ல. அதன் பின்னால் ஒரு நீண்ட கயிறு இருக்கிறது. விடுதலைப் பயண நூலின் 12ஆம் அதிகாரத்தில் எகிப்தின் இரவு. குற்றமற்ற, ஒரு வயதுடைய ஆணை மாதத்தின் 10ஆம் நாள் தேர்ந்தெடுத்து 14ஆம் நாள் மாலை வரை வைத்திருக்க வேண்டும். அந்த நாள்களில் வீட்டுப் பிள்ளைகள் அதோடு விளையாடாமலா இருந்திருப்பார்கள்? (அது வெள்ளாட்டுக் குட்டியாகவும் இருக்கலாம் என்று அந்த அதிகாரமே இடம் கொடுக்கிறது. நம் சிறுமியின் கேள்வி அவ்வளவு தவறல்ல.) பிறகு கதவு நிலையில் பூசிய இரத்தம். எலும்பு முறிபடக் கூடாது என்ற கட்டளை. அந்த எலும்பை யோவான் 19ஆம் அதிகாரத்தில் சிலுவையடியில் மீண்டும் எடுத்துப் பேசுகிறார். நடுவில் எசாயா 53இல், கத்தரிக்கிறவர் முன் வாய் திறவாத ஆடு. சீலுக்குக் கத்தரிக்க என்ன இருக்கிறது? 23ஆம் திருப்பாடலின் ஆயரும், லூக்கா 15இல் காணாமற்போன ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு வருகிறவரும், மேய்ப்பனின் குரலை அறிந்த யோவான் 10இன் ஆடுகளும், கடைசியில் திருவெளிப்பாட்டு நூலில் கொல்லப்பட்டதுபோல் நிற்கும் ஆட்டுக்குட்டியும் ஒரே கயிற்றில் வருகிறார்கள். ஓரிடத்தில் சீல் என்று மாற்றினால் கயிறு அங்கே அறுந்துவிடும். எல்லா இடத்திலும் மாற்றினால் சீலுக்கு ஒரு மேய்ப்பனை நாமே கற்பனை செய்து கொடுக்க வேண்டியிருக்கும். சீல் வேடனைக் கண்டால் ஓடும், அவன் குரலைக் கேட்டுப் பின்னால் வராது.

இன்னொன்று. இயேசுவின் காலத்து அரமேய மொழியில் ‘தல்யா’ என்ற சொல்லுக்கு ஆட்டுக்குட்டி என்றும் பொருள், சிறுவன் அல்லது ஊழியன் என்றும் பொருள். யாயீரின் மகளை ஆண்டவர் கைப்பிடித்து எழுப்பியபோது அழைத்த ‘தலித்தா’ என்பது இதன் பெண்பால். யோவான் அரமேயத்தில் பேசியிருந்தால், கேட்டவர்களின் காதில் ஆட்டுக்குட்டியும் எசாயாவின் துன்புறும் ஊழியனும் ஒன்றாகவே விழுந்திருக்கலாம் என்று விவிலிய அறிஞர்கள் சிலர் எடுத்துக்காட்டுகிறார்கள். கிரேக்கத்துக்கு வந்தபோதே அந்த இரட்டைப் பொருள் நழுவிவிட்டது. ஆக, மொழிபெயர்ப்பில் இழப்பு என்பது பனிநாட்டில் தொடங்கியதல்ல.

எல்லா இடத்திலும் விலங்கை மாற்றக் கூடாது என்று நாம் சொல்லவில்லை. வெண்பனி போல் வெண்மை என்று எசாயா சொல்கிறார். பனியே பெய்யாத நாட்டில் என்ன செய்வது? அமெரிக்க விவிலியச் சங்கத்தின் யூஜின் நைடா இதற்குக் காட்டிய வழி புகழ் பெற்றது. அந்த மக்கள் வழக்கில் கொக்கின் இறகு போல் வெண்மை என்று சொல்வார்களானால் அப்படியே எழுதலாம் என்றார். அங்கே முக்கியம் வெண்மைதான். பனி அந்த இடத்தில் நடந்த நிகழ்ச்சியல்ல, வெறும் உவமை. ஆனால் பாஸ்கா இரவில் ஆடு உவமை அல்ல. அங்கே உண்மையாகவே ஆடு இருந்தது, அதன் இரத்தம் இருந்தது. நடந்ததை மாற்ற நமக்கு உரிமை இல்லை.

மொழிபெயர்ப்பாளர்கள் தடுமாறிய இடங்களும் நிறைய உண்டு, நம் புனிதர்கள் உட்பட. எபிரேய நூல்களில் ‘ரெஏம்’ என்று ஒரு விலங்கு வருகிறது, வலிமைக்குப் பெயர் போனது. அது காட்டு எருது என்று இன்று அறிஞர்கள் சொல்கிறார்கள். கிறிஸ்துவுக்கு முன்பே கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் அதை ‘ஒற்றைக் கொம்பன்’ என்று எழுதிவிட்டார்கள். புனித எரோணிமுஸ் இலத்தீனில் பெயர்த்தபோது ஓரிடத்தில் காண்டாமிருகம் என்றும் இன்னோரிடத்தில் ஒற்றைக் கொம்பன் என்றும் எழுதினார். 1611இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பில் ஒற்றைக் கொம்புக் குதிரைக்குரிய பெயரே நின்றது. இணைச்சட்டம் 33இல் அந்த விலங்குக்குக் கொம்புகள் என்று பன்மையில் வருகிறது. ஒற்றைக் கொம்பனுக்கு எப்படி இரண்டு கொம்பு? ஆங்கிலத்தார் விலங்கையே பன்மையாக்கிச் சமாளித்தார்கள். நம் தமிழிலும் பழைய புரோட்டஸ்டண்ட் மொழிபெயர்ப்பில் காண்டாமிருகம் வந்து நிற்கிறது. இதற்கிடையில் ஐரோப்பாவின் உண்மையான காட்டு எருதோ 1627இல் போலந்துக் காட்டில் கடைசி ஒன்றும் இறந்து இல்லாமற்போயிற்று.

எரோணிமுசின் இன்னொரு கதையைச் சொல்லாமல் போக முடியாது. அது விலங்கைப் பற்றியதல்ல, செடியைப் பற்றியது. ஆனால் நம் கேள்வியே அதில் இருக்கிறது. யோனாவுக்கு நிழல் கொடுத்த செடியைப் பழைய இலத்தீன் நூல் சுரைக்கொடி என்றது. எரோணிமுஸ் அதை ஐவிக் கொடி என்று மாற்றினார். வட ஆப்பிரிக்காவின் ஓயா நகரத்து ஆலயத்தில் ஆயர் இந்தப் புதிய மொழிபெயர்ப்பை வாசித்தபோது மக்கள் கொதித்தெழுந்தார்கள். தலைமுறை தலைமுறையாகக் கேட்ட சுரைக்கொடி எங்கே என்று கேட்டார்கள். மந்தை கலைந்து போய்விடுமோ என்று பயந்து ஆயர் பழைய சொல்லுக்கே திரும்ப வேண்டியதாயிற்று. இதை 403இல் புனித அகுஸ்தினார் எரோணிமுசுக்குக் கடிதத்தில் எழுதினார். எரோணிமுசின் பதிலில் எரிச்சல் தெரிகிறது. எபிரேயச் சொல்லை அப்படியே வைத்தால் ஒருவருக்கும் புரியாது, சுரை என்றால் மூலத்தில் இல்லாததைச் சொன்னதாகும், ஆகையால் ஐவி என்று எழுதினேன் என்பது அதன் சாரம். அவர் அந்தச் செடியைப் பற்றித் தரும் வருணனை ஆமணக்குக்குப் பொருந்துகிறது. நம் பழைய தமிழ் விவிலியத்தில் ஆமணக்கு என்றே இருக்கிறது. கொல்லையில் இருக்கிற செடி, நமக்குச் சிக்கலே இல்லை. புனித எரோணிமுசுக்கு இல்லாத வசதி நம் கொல்லையில் இருந்திருக்கிறது!

ஆனால் அதே எரோணிமுஸ் இன்னோரிடத்தில் வேறு விதமாக நடந்துகொண்டார். பாறைகளில் ஒளிந்து வாழும் ஒரு சிறு விலங்கு 104ஆம் திருப்பாடலில் வருகிறது. எபிரேயத்தில் ‘ஷாபான்’. நம் பழைய மொழிபெயர்ப்பு குழிமுசல் என்கிறது. உண்மையில் அது முயல் அல்ல. எரோணிமுஸ் பெத்லகேமில் குடியிருந்ததால் அதைப் பற்றி அங்கேயே கேட்டறிய முடிந்தது. மொழிபெயர்ப்பில் ஐயம் கேட்டு எழுதிய இருவருக்கு அவர் பதில் எழுதினார். அது முள்ளம்பன்றி இனத்துச் சிறு பிராணியைவிடப் பெரிதல்ல, எலியையும் கரடியையும் ஒத்திருக்கும், பாலஸ்தீனத்தில் கரடி எலி என்கிறார்கள் என்று விவரித்தார். சொல் கிடைக்காத இடத்தில் பொறுமையாக வருணித்துச் சொல்லியிருக்கிறார்.

விலங்கு தெரிந்திருந்தாலும் தொல்லை தீர்ந்துவிடுவதில்லை. சீன மக்களுக்கு ஆடு தெரியும். நீதியைக் குறிக்கும் அவர்களுடைய பழைய எழுத்தின் மேற்பாதி ஆடு, கீழ்ப்பாதி ‘நான்’. எழுத்தின் வரலாறு வேறாக இருக்கலாம், ஆனாலும் மறையுரையாற்றுகிறவர்களுக்கு இதைவிட நல்ல கொடை கிடைக்காது. அங்கே இடித்தது திருவெளிப்பாடு 12இன் அரக்கப் பாம்பு. சீன மொழியில் அதற்கு ‘லுங்’ என்று எழுதினார்கள். லுங் மழை தரும் விலங்கு, மங்கலச் சின்னம், பேரரசரின் உடையில் பொன்னிழையில் வரைந்தது. அது வானத்திலிருந்து தள்ளப்படுவதைக் கேட்கிற சீனக் கிறிஸ்தவருக்கு எப்படி இருக்கும்? நம் ஊர்க் கோவில் யானையைச் சாத்தான் என்று ஒரு நூல் சொன்னால் நமக்கு எப்படி இருக்குமோ, அப்படி. இத்தாலியப் பிரான்சிஸ்கன் துறவி முத்திப்பேறு பெற்ற கபிரியேல் அல்லேக்ரா 1931இல் சீனா சென்று, 1935இல் மொழிபெயர்க்கத் தொடங்கி, போர்களையும் இடப்பெயர்ச்சியையும் கடந்து 1968இல் முழு விவிலியத்தைச் சீன மொழியில் வெளியிட்டார். அவரும் அவரோடிருந்த துறவிகளும் லுங் என்ற சொல்லையே வைத்தார்கள். விளக்கம் சொல்வது ஆசிரியரின், உபதேசியாரின், குருவின் கடமையாகிவிட்டது.

பாப்புவா நியூகினியின் மலைநாட்டில் கேள்வி இன்னும் கூர்மையாக எழுந்தது. 1934இல் இறைவார்த்தைச் சபையின் அருட்தந்தை வில்லியம் ராஸ் ஹாகன் மலைப் பகுதிக்குச் சென்றபோது அங்கே செம்மறி இல்லை. பன்றி இருந்தது. பன்றிதான் அம்மக்களின் செல்வம். பெண் எடுக்கப் பன்றி, பகை தீர்க்கப் பன்றி. இரண்டு குலங்களுக்குள் சண்டை நடந்து உயிர் போயிருந்தால், பன்றிகளைக் கொடுத்து ஈடு செய்து சமாதானம் ஆவார்கள். பகை தீர்க்கச் சாகிற விலங்கு! செம்மறியின் இடத்தில் பன்றியை வைக்கலாமே என்று தோன்றுவது இயல்பு. ஆனால் லேவியர் 11இல் பன்றி தீட்டு. தந்தையை விட்டுப் போன இளைய மகன் கடைசியாக வந்து விழுந்த இடம் பன்றித் தொழுவம். கெரசேனர் நாட்டில் ஏறத்தாழ 2,000 பன்றிகள் ஏரியில் விழுந்து மூழ்கின. இந்த நிகழ்ச்சியை வாசிக்கும்போது நாம் பன்றிகளைப் பற்றிக் கவலைப்படுவதே இல்லை. மலைநாட்டு மக்களோ அந்த ஊர்க்காரரின் இழப்பை எண்ணிப் பார்த்திருப்பார்கள். இயேசுவைத் தங்கள் பகுதியைவிட்டுப் போய்விடுமாறு அந்த மக்கள் ஏன் கெஞ்சினார்கள் என்பது அவர்களுக்கு நம்மைவிட நன்றாகவே புரிந்திருக்கும்.

அந்நாட்டின் பொது மொழியான டோக் பிசினில் 1969இல் புதிய ஏற்பாடும் 1989இல் முழு விவிலியமும் வந்தன. அதில் நிற்பது பன்றி அல்ல, ‘பிக்கினினி சிப்சிப்’. ஆங்கிலத்திலிருந்து வந்த கடன்சொல் சிப்சிப், ஆடு. பிக்கினினி என்றால் குழந்தை. ஆட்டின் குழந்தை! தல்யா என்ற அரமேயச் சொல் கிரேக்கத்தில் இழந்ததில் கொஞ்சம் பசிபிக் தீவில் திரும்பக் கிடைத்ததுபோல் நமக்குத் தோன்றுகிறது.

புரியாத சொல்லை வைத்துவிட்டு மக்களைத் தவிக்கவிடுவது நியாயமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பொருத்தமான, சரியான மொழிபெயர்ப்புகள் எல்லா மொழிகளிலும் வேண்டும் என்று 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் இறைவெளிப்பாடு பற்றிய கொள்கைத்திரட்டில் கேட்டுக்கொண்டது. அதே இடத்தில், பிரிந்த சகோதரரோடு சேர்ந்தும் அந்தப் பணியைச் செய்யலாம் என்றும் சொன்னது. பொருத்தமும் வேண்டும், சரியாகவும் இருக்க வேண்டும். சில இடங்களில் இரண்டும் சேர்ந்து வருவதில்லை. அப்போது சொல்லை மாற்றாமல் வைத்துவிட்டு, அந்தச் சொல்லுக்குள் மக்களை அழைத்துப் போக ஒருவர் உழைக்க வேண்டும். உழைப்பு மிச்சமாகட்டும் என்று சொல்லையே மாற்றிவிடும்போதுதான் நாம் வழி தவறுகிறோம்.

அப்படி உழைத்த ஒருவரை நமக்குப் பிடிக்கும். எகெதேக்குப் பின் கிரீன்லாந்து போன ஓட்டோ பாப்ரிசியஸ் என்ற போதகர் 1768 முதல் 1773 வரை அங்கே வாழ்ந்தார். கயாக்கில் ஏறி அம்மக்களோடு சீல் வேட்டைக்குப் போனார். அந்தத் தீவின் விலங்குகளைப் பற்றி 1780இல் அவர் இலத்தீனில் வெளியிட்ட நூல் இன்றும் விலங்கியலாரிடம் மதிப்புடையது. அதே மனிதர் பிற்பாடு புதிய ஏற்பாட்டை அம்மக்களின் மொழியில் மீண்டும் பெயர்த்தார். சீலைப் பற்றி அவரைவிட அறிந்த போதகர் அக்காலத்தில் இருந்திருக்க மாட்டார். சீலை அவ்வளவு அறிந்தவரின் கையைக் கடந்து வந்த பின்னும் சவா என்ற சொல் நிலைத்திருக்கிறது.

இனி இந்த வரலாற்றில் நம்மை வியக்க வைக்கும் பகுதி. ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு கிரீன்லாந்து மக்களில் பெரும்பாலோர் கண்ணால் காணாத ஒரு விலங்கின் பெயரைச் சொல்லி மன்றாடினார்கள். 1906இல் அந்த மண்ணில் பிறந்த போதகர் ஒருவர், யென்ஸ் கெம்னிட்ஸ், தீவின் தென்கோடியில் தம் பணித்தளத்துக்கு ஆடுகளைத் தருவித்தார். மக்களின் பசியே அவருடைய நோக்கம். சீல் வேட்டை குறைந்தபோது பிழைக்க வேறு வழி வேண்டியிருந்தது. 1924இல் ஓட்டோ பிரெடரிக்சன் என்பவர் கசியார்சுக் என்ற இடத்தில் குடியேறி ஆடு வளர்ப்பையே தொழிலாகத் தொடங்கினார். அது வடநாட்டாரின் தலைவர் எரிக் ஒரு காலத்தில் வாழ்ந்த இடம். சொல் முதலில் வந்து காத்திருக்க, ஆடு பின்னால் வந்து சேர்ந்தது.

கார்தாரின் ஆயர் வாழ்ந்த இடத்துக்கு இன்று இகாலிக்கு என்று பெயர். பேராலயத்தின் செங்கல் நிறக் கற்கள் தரையோடு தரையாகக் கிடக்கின்றன. 2017இல் யுனெஸ்கோ அந்தப் பகுதியை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. சுற்றிலும் இனுயிட் குடும்பங்களின் ஆடுகள் மேய்கின்றன. அங்கே ஒரு பிள்ளை தன் தாயிடம் சவா என்றால் என்ன என்று கேட்டால், தாய் ஜன்னலைத் திறந்து காட்டலாம்.

நம் சிறுமிக்கு என்ன பதில் சொன்னோம் என்று கேட்பீர்கள். அன்றைக்குக் கரும்பலகையில் ஓர் ஆடு வரைந்தோம். அது நாய் போல இருக்கிறது என்று பிள்ளைகள் சிரித்தார்கள். ஆகையால் பங்குப் பேரவையோடு பேசி ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். நம் ஊரிலிருந்து இரண்டு பேருந்து நிறுத்தம் தள்ளி, அறுவடை முடிந்த வயலில் இப்போது ஒரு கிடை போட்டிருக்கிறார்கள். கீதாரி ஐயா பிள்ளைகளை அழைத்து வரச் சொல்லிவிட்டார். ஈன்று சில நாளான குட்டிகள் இருக்கின்றனவாம், கையில் வாங்கிப் பார்க்கலாம் என்கிறார். வருகிற சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு ஆலய வாசலிலிருந்து புறப்படுகிறோம். ஆடுகள் மேய்ச்சலுக்குக் கிளம்பும் முன் போய்ச் சேர வேண்டும். பெற்றோர் மறைக்கல்வி ஆசிரியரிடம் பெயர் கொடுங்கள். வயலில் முள் கிடக்கும், பிள்ளைகள் செருப்புப் போட்டு வரட்டும்.